மூன்று மணிக்கு வந்து நின்ற பொம்மை

உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் கழுத்து வலி ஆரம்பித்திருக்கும். மீதிப் பேருக்கு அடுத்த மாதம் வரும். நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர்கள் செய்து அனுப்பியதை நாள் முழுக்கப் பார்த்து, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று முடிவு சொல்கிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அந்த வேலையில் ஒருமுறை எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. பட்டப்பகலில், தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது லாஸ்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பிரான்சில் விற்ற ஒரு வீடியோ விளையாட்டுக்கு நாங்கள் காவல். காகித பொம்மை ஒன்று ஓடும், குதிக்கும், பள்ளம் தாண்டும், கடைசியில் கொடியைத் தொடும். அது ஓடுகிற ஊரையும் தாண்டுகிற பள்ளத்தையும் கட்டுவது ஆட்டக்காரர்களே. வீட்டில் உட்கார்ந்து ஒரு லெவல் கட்டி எல்லோருக்கும் பகிர்ந்துவிடுவார்கள்; யார் வேண்டுமானாலும் அதற்குள் புகுந்து விளையாடலாம். நாம் உள்ளே நிற்கும்போதே கட்டியவரும் வந்து சுவரை நகர்த்தலாம், விளக்கை அணைக்கலாம். நம் கண்ணெதிரே அது நடக்கும். அந்த விளையாட்டின் பெருமையே அதுதான் என்பார்கள். ஒரு லெவலைப் பற்றி யாராவது புகார் எழுதினால் அது எங்கள் மேசைக்கு வரும். புகார்கள் பிரெஞ்சில் வந்ததால்தான் புதுச்சேரியில் ஆள் தேடினார்கள்.

நான் அதற்குமுன் பதினெட்டு வருடம் பிரெஞ்சுப் பத்திரங்கள் தட்டச்சு செய்தவள். பிரெஞ்சைப் பள்ளியில் படித்ததில்லை. தட்டித் தட்டிக் கை கற்றுக்கொண்டது. கையிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். குதிக்கக் கற்றுக்கொடுத்தது செல்வம். வில்லியனூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை; காலையில் மாடு கறந்து, பால் ஊற்றிவிட்டு, பஸ் பிடித்து வேலைக்கு வருவான். நாற்பத்து மூன்று வயதில் ஜாய்ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்தபோது சொன்னான்: "இன்னாக்கா, மாடு முட்ட வந்தா யோசிச்சிகினா குதிப்ப? கை தானா போவும், வுடு." இந்த மாதிரிப் பேச்சுகளை எழுதி வைக்க ஒரு நோட்டு வைத்திருந்தேன். என் பட்டமும் படிப்பும் அந்த நோட்டுதான்.

எங்கள் லீடர் ஒரு பெண். இருபத்தாறு வயது. என் மகளாக இருக்கலாம், ஆனால் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் நான் எழுந்து நிற்பேன். நான் செய்த ஒரு தப்புக்காக அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லெவலைப் பார்த்துவிட்டுச் செல்வத்திடம், "குளத்துக்கு அடியில கோரமா ஒரு மூஞ்சி இருக்கு, பாரு" என்றேன். அவனும் பார்த்தான், ஆமாம் என்றான். நீக்கிவிட்டோம். அது வெறும் மரவேர். கட்டியவர் எழுதிக் கேட்டார், அதில் என்ன கண்டீர்கள் என்று. அன்றிலிருந்து முதலில் ஆடியவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாமவர் ஒன்றும் தெரியாமல் போய் ஆட வேண்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர், அவரும் அப்படியே. குருட்டு ஆட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த லெவல் வந்தது. பெயரே இல்லை. ஐந்து புகார்கள். கொடி இல்லை, வெளியே போக வழியில்லை என்று மூன்று. யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று ஒன்று. ஐந்தாவதில் ஒரே வரி: நான் அங்கே தனியாக இல்லை.

உள்ளே போனேன். ஒரு வீடு. கறுப்பும் வெள்ளையுமாகத் தரை. எதிரிகள் இல்லை, பள்ளம் இல்லை, எடுத்துச் சேர்க்க ஒன்றும் இல்லை. கூடத்தில் சுவரை ஒட்டி ஒரு கட்டில், அதன் மேல் நீலத் துணி மேடாகப் போர்த்தியிருந்தது. அருகே போனால் சத்தம். கொல்லன் பட்டறை கட்டுகிறவர்களுக்காக விளையாட்டில் துருத்திச் சத்தம் ஒன்று வைத்திருந்தார்கள். அதை யாரோ மெதுவாக்கி, மெதுவாக்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தார்கள். இழுக்கும். நிற்கும். நாம் காத்திருப்போம். மறுபடி இழுக்கும். பின்கட்டில் மாடிப்படி, கும்மிருட்டு. ஏறும்போது பாதியில் ஒரு படி இல்லை, விழுந்தேன். பொம்மை மறுபடி வாசலில் நின்றது. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபோது என் மூச்சும் அந்தத் துருத்தியோடு ஓடுவதைக் கவனித்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குச் செல்வம் ஆடினான். அவனும் அதே படியில் விழுந்தான். ஆனால் அவன் எழுதிய குறிப்பில் கட்டில் சுவரை ஒட்டி இல்லை. ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காலையிலும் மாலையிலும் ஒரே வீடு, ஆனால் கட்டில் திரும்பிப் படுத்திருக்கிறது.

"யாரோ பொரண்டு படுத்தா மாதிரி இருக்குக்கா," என்றான். அவன் சிரிக்கவில்லை.

செவ்வாய் காலை மூன்றாம் ஆளாகத் தெரேஸ் உட்கார்ந்தாள். அவள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம்; அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்களில் பிரெஞ்சு சரியாகத் தெரிந்தவள் அவள்தான். எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே ஆடுவாள். அன்றைக்குக் கூடத்துக்குள் நுழைந்ததும் வாய் அசைவது நின்றது. கட்டிலிடம் அவள் போகவே இல்லை. நேரே பின்கட்டு, நேரே மாடிப்படி. இருட்டில் பொம்மை ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. நானும் செல்வமும் விழுந்த இடம் வந்தபோது, திரையில் ஒன்றுமே தெரியாத அந்த இடத்தில், அவள் கட்டைவிரல் தானாக அழுத்தியது. பொம்மை குதித்துத் தாண்டிப் போனது.

செல்வம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"அந்தப் படி ஒடைஞ்சி ரொம்ப வருஷமாச்சு," என்றாள் தெரேஸ், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எங்க வீடுக்கா இது."

அவள் அப்பா எட்டு நாள் முன்பு குளியலறையில் விழுந்திருந்தார். அறையில் கிடந்த கட்டிலை அதன் பிறகுதான் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் பக்கம் திருப்பியது முந்தைய நாள் மத்தியானம்தான். வீட்டில் இருப்பது அப்பா, அம்மா, அவள். ஊசி போட ஒரு நர்ஸ் வந்து போவார். கட்டியவரின் பெயராகக் கணக்கில் இருந்தது வெறும் எழுத்தும் எண்ணும்.

"வேற யாருக்காவது வீடு தெரியுமா?" என்று லீடர் கேட்டாள்.

"அண்ணன் ஒருத்தன் இருக்கான். பப்பாவோட சண்ட போட்டு பிரான்ஸ் போனவன். அவன் பேரையே வீட்ல எடுக்கக் கூடாதுன்னு பப்பா சொல்லிட்டார். அவன் போயி ஒம்பது வருஷம். கட்டில் கூடத்துக்கு வந்து எட்டு நாள். அவனுக்கு எப்பிடித் தெரியும்? யாரோ வீட்டுக்குள்ள பாத்துகினு இருக்காங்க."

எங்கள் விதி தெளிவானது. உண்மையான ஒருவருடைய வீட்டை, வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் அடையாளம் தெரியும்படி கட்டினால் லெவலை நீக்க வேண்டும். கட்டியவர் கணக்கையும் மூட வேண்டும். அடுத்த நாள் மாலை ஆறு மணிக்குள் முடிவு போக வேண்டும்.

"வீடு யார் பேர்ல?"

"பப்பா பேர்ல. அவருக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது? நான் சொல்றேன், சம்மதம் இல்ல. தூக்குங்க."

லீடர் கண்ணாடியைக் கழற்றினாள். "உன் வீடுன்னு ஆயிட்டப்புறம் உன் கை இதுல படக்கூடாது தெரேஸ். அக்கா பாக்கட்டும்."

அன்று மாலை வீட்டுக்குப் போன தெரேஸ் பூட்டை மாற்றினாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து எந்நேரமும் தெருவைப் பார்க்கிற மனிதர் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினாள். புதன் காலை முகம் வீங்கி வந்தாள். நான் லெவலைத் திறந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். கட்டில் தலைமாட்டில் ஒரு முக்காலி புதிதாக இருந்தது, அதன்மேல் இரண்டு குப்பிகள்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இந்த முக்காலிய நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போனப்பதான் நானே பாத்தேன். எத்தினி மணிக்கு வச்சிருக்கான், பாருக்கா."

பார்த்தேன். நேற்று மூன்று இருபது. அவள் வீடு போய்ச் சேர்ந்தது ஆறரை. அவளுக்குத் தெரிவதற்கு மூன்று மணி நேரம் முன்பே இந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் நீக்குகிற பட்டனுக்குத் திரையின் அம்புக்குறியைக் கொண்டுபோய்விட்டேன். உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு விதி ஞாபகம் இல்லை, அந்தப் பெண்ணின் கைதான் ஞாபகம். அதோடு, எனக்கும் அந்த வீட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது. பயந்ததைக் கண்ணுக்கு முன்னால் இல்லாமல் ஆக்குவதற்குத்தான் அந்தப் பட்டன் இருக்கிறது என்று தோன்றும் நாட்கள் உங்களுக்கும் வரும்.

"அக்கா," என்று பின்னால் லீடர் குரல். "அந்த ஆளு உள்ள வந்து என்ன செய்றான்னு பாத்தீங்களா?"

இல்லை. நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. கட்டியதைப் பார்ப்போம், கட்டிய பிறகு அந்த ஆள் அதற்குள் என்ன செய்கிறார் என்று பார்க்கிற வழக்கமே எங்களிடம் இல்லை. யார் எப்போது உள்ளே வந்து போனார்கள் என்கிற பதிவேட்டைத் திறந்தேன். தினமும் மூன்று மணிக்குக் கட்டியவரின் சிவப்புப் பொம்மை வாசலில் வருகிறது. கூடத்துக்குப் போகிறது. கட்டில் பக்கத்தில் நிற்கிறது. ஒரு மணி நேரம், ஓர் அடி நகராமல். நாலு மணிக்குப் போய்விடுகிறது. எட்டு நாளும் அதே இடம்.

செல்வம் எட்டிப் பார்த்தான். "திருடனா இருந்தா பீரோகிட்ட நிப்பான். வேவு பாக்கறவன் ஜன்னலாண்ட நிப்பான். கட்டிலாண்ட நிக்கறவன் எவன்க்கா?"

தெரேஸ், "தூக்குங்கக்கா" என்றாள், மெதுவாக.

"ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு," என்றாள் லீடர். "மூணு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் அந்த வீட்ல இருங்க. செல்வம் இங்கேர்ந்து லெவல் உள்ள இருக்கட்டும்."

தெரேஸின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். நேரு வீதி நெரிசலைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போனோம். வெயிலில் தெரு காலியாக இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தியதும் செல்வம் கைப்பேசியில் கூப்பிட்டான். "உள்ள வந்துட்டேன்க்கா. ஓரமா நிக்கறேன்." ஒரு நிமிஷம் கழித்து, குரல் தாழ்ந்தது. "வந்துடுச்சு. செவப்புப் பொம்மை. கட்டிலாண்ட போவுது."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நான் பின்தொடர்ந்தேன். தெரேஸ் புதுப் பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தாள். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகத் தரை. திரையில் அத்தனை முறை நடந்த தரை. கூடத்தில் ஜன்னலைப் பார்த்தபடி கட்டில். கண்ணை மூடிக் கிடந்தார் அந்தப் பெரிய மனிதர். இழுக்கும். நிற்கும். மறுபடி இழுக்கும். எனக்கு அந்தச் சத்தம் மூன்று நாளாகப் பழக்கம்.

கட்டிலருகே நாற்காலி போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, தெரேஸின் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் வீட்டு டெலிபோன் ரிசீவர். தாழ்ந்த குரலில் ஜெபம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீலப் போர்வய எடுத்துட்டேன். ஈரமாயிடுச்சி. வெள்ளயப் போத்தியிருக்கேன்."

என் காதில் செல்வம்: "அக்கா... போர்வை வெள்ளயாயிடுச்சிக்கா."

"வெயில் மூஞ்சில அடிக்கிது. ஜன்னல சாத்தறேன். முழுக்க வேணாம், பாதி."

"ஜன்னல் தானா மூடுது. பாதிலயே நின்னுடுச்சி. அக்கா, நீ அங்க இருக்கியா? ஏதாவது பேசுக்கா."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மம்மா," என்றாள் தெரேஸ். "போன்ல யாரு?"

அம்மா திரும்பினார். மறைக்கவில்லை. "ழான். உங்கண்ணன்."

"எத்தினி நாளா?"

"பப்பா விழுந்த அன்னிலேர்ந்து. அவனுக்கு ராத்திரி வேல, இந்நேரம் வீட்ல இருப்பான். எது எங்க இருக்குன்னு கேப்பான். சொல்லுவேன்."

"நான் பூட்ட மாத்தினேன் மம்மா. எதிர்வீட்டு ஆள நடுத்தெருவுல நிக்கவச்சித் திட்டினேன். அப்பகூட சொல்லணும்னு தோணலியா?"

"நீ பப்பாகிட்ட சொல்லிடுவியோன்னு இருந்தேன். அவர் மூச்சு இருக்கற நெலயில..."

தெரேஸ் போய் ரிசீவரை வாங்கினாள். ஒன்பது வருடத்துப் பேச்சு பாக்கி இருந்தது. கேட்டது அலுவலகக் கேள்வி. "கட்டினியே, சரி. ஏன் ஊருக்கெல்லாம் தொறந்து வச்ச?"

அவன் சொன்னதை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். பகிராமல் வைத்தால் அந்த வீட்டில் அவன் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இரண்டு நாள் அப்படி நின்று பார்த்தானாம். தாங்கவில்லையாம். யாராவது வரப் போக இருந்தால் வீடு மாதிரி இருக்கும் என்று திறந்து விட்டானாம்.

அப்போது துருத்தி நின்றது. நாங்கள் மூவரும் கட்டிலைப் பார்த்தோம். பெரியவர் கண் திறந்திருந்தார். பார்வை எங்கள் மேல் இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம், யாரும் இல்லாத இடத்தில், ஓர் ஆள் உயரத்தில் நின்றது.

"யாரு?"

அம்மா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ழான் வந்திருக்கான்."

மூச்சு ஒருமுறை இழுத்தது. நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தெரேஸ் ரிசீவரை அவர் பக்கம் நீட்டியபடி நின்றாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"எம்மா நேரமா நிக்கிறான்," என்றார். "உக்காரச் சொல்லு."

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அந்த விளையாட்டைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. பொம்மை நின்றுகொண்டிருந்தது என்பது தெரேஸுக்கும் எனக்கும், லாஸ்பேட்டையில் இரண்டு பேருக்கும், பிரான்சில் ஒருவனுக்கும் மட்டும் தெரியும். இதற்கு நான் விளக்கம் வைத்திருக்கவில்லை. தேடவும் இல்லை.

என் காதில் செல்வத்தின் குரல் கரகரத்தது. "அக்கா. செவப்புப் பொம்மை குந்திடுச்சி. கட்டிலாண்ட, தரையில."

திரும்பி வரும்போது மணி ஐந்து தாண்டிவிட்டது. தெரேஸ் வீட்டிலேயே இருந்துவிட்டாள். லீடர் படிவத்தை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். இடிந்துபோய் உட்கார்ந்திருந்த செல்வத்துக்கு யாரோ டீ வாங்கி வைத்து, அது ஆடை கட்டியிருந்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பேனா மூடியைத் திறந்தாள்.

"நெசமான வீடா?"

"ஆமா."

"வீட்டுக்காரர் யாரு?"

"தெரேஸோட அப்பா."

"அவருக்கு இதுல சம்மதமா? மகளுக்கு இல்ல, அம்மாவுக்கு இல்ல. அவருக்கு."

"ஆமா."

"எழுத்துல குடுத்தாரா?"

"இல்லம்மா. வாயால."

"என்ன சொன்னார்?"

சொன்னேன். அவள் படிவத்தில் சம்மதம் என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள். இப்படிப்பட்ட கட்டங்களில் நாங்கள் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும்தான் எழுதுவோம். வளவளவென்று எழுதினால் மேலே இருப்பவர்கள் திருப்பி அனுப்புவார்கள், கேள்வி கேட்பார்கள், கேள்வி அவள் தலைமேல்தான் விழும்.

"அத அப்பிடியே அடிங்கக்கா," என்றாள்.

வீட்டுக்காரரின் சம்மதம் என்ற கட்டத்தில், 'உக்காரச் சொல்லு' என்று அவர் சொன்ன அந்த இரண்டு சொற்களைப் பிரெஞ்சில் தட்டச்சு செய்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது, லெவல் இருக்கட்டும் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். மேலிடத்திலிருந்து எந்தக் கேள்வியும் வரவில்லை.